நான் எழுதாத சொல்

ஒரு வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒதுக்கப்பட்ட டிக்கெட்டில் இரண்டே வரிகள் இருந்தன. 'தந்தை பெயர் என்ற கட்டத்தில் சிலர் வெறும் புள்ளி வைக்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டும்.'

பத்து நிமிட வேலை. குறைந்தது மூன்று எழுத்து இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு சோதனையை எழுதினேன். புள்ளி வைத்துப் பார்த்தேன். 'சரியான பெயரை உள்ளிடவும்' என்று சிவப்பில் காட்டியது. அழுக்குத் தரவைத் துடைத்துவிட்ட திருப்தியோடு தேநீர் குடிக்கப் போனேன்.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கிள்ளானில் உள்ள ஒரு துப்புரவு ஒப்பந்த நிறுவனத்துக்குச் சம்பளம், விடுப்பு, ஈபிஎஃப், சொக்சோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை நாங்கள்தான் கட்டிக்கொடுத்தோம். முன்னூற்றுச் சொச்சம் பணியாளர்கள். என்னுடைய சோதனை திங்கட்கிழமை வெளியாக இருந்தது. அதற்கு முன், விடுப்புப் பகுதியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன்.

அலுவலகம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். பதிவு மேசையில் ஓர் அக்கா. பல வருடமாக அங்கேதான் வேலை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் புதிதாகச் சேர வந்த ஆறேழு பேர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவின் முறை வந்தது. அடையாள அட்டையை நீட்டினார்.

"அப்பா பேரு என்னாம்மா?"

பதில் இல்லை. அக்கா அட்டையைப் பார்த்தார். ஒற்றைச் சொல்லில் ஒரு பெயர். ஏ/பி இல்லை. அதற்குப் பிறகு வர வேண்டிய பெயரும் இல்லை.

"இல்லன்னு போட்டுக்கம்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. பின்னால் நாற்காலிகளில் பேச்சு நின்றுவிட்டது. இம்மாதிரி இடங்களில் யாரும் கவனிப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் காது கேட்கும்.

அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு விசையைத் தட்டினார். புள்ளி. சேவ். "சரிம்மா, பேங்க் புக்கு குடுங்க."

மதியம் அவரிடம் கேட்டேன், ஏன் புள்ளி வைக்கிறீர்கள் என்று.

"வேற என்னா செய்யிறது தம்பி? வெறுமன விட்டா சேவ் ஆகாது. சும்மா எதாச்சும் ஒரு பேரு போட்டா அது பொய்யாயிரும் லா. புள்ளின்னா பொய் இல்ல. பேசாம இருக்கிறது."

திங்கட்கிழமை வெளியாக இருந்த என் சோதனை அந்தப் புள்ளியைத்தான் மூடப் போகிறது. அதன் பிறகு அக்காவுக்கு இரண்டே வழி: அந்த அம்மாவை மறுபடி கேட்க வேண்டும், இல்லையென்றால் இல்லாத ஓர் அப்பாவை உண்டாக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போதே மேலாளருக்குச் செய்தி அனுப்பி அதை நிறுத்தச் சொன்னேன். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி கூடவே வந்தது. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது யார்?

எங்கள் நிரலின் பழைய பதிவுகளைத் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வரியை எழுதியது நான்தான். ஆனால் 'கட்டாயம்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

இங்கே தொழில் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும்போது முதல் வேலை, அந்த நிறுவனத்தின் உலகத்தில் என்னென்ன 'இருக்கின்றன' என்று முடிவு செய்வது. பணியாளர் ஒன்று, பணியிடம் ஒன்று, சம்பளச் சீட்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. பிறகு எது எதோடு சேர்ந்தது என்று கோடு போட வேண்டும்: ஒரு பணியாளருக்குப் பல சம்பளச் சீட்டுகள், ஒரு பணியிடத்துக்குப் பல பணியாளர்கள். இப்படிப் பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் படமாக வரையும் முறையை 1976இல் பீட்டர் சென் எழுதிய கட்டுரையிலிருந்து பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெட்டி, கோடு, சாய்சதுரம். மூன்றாவது செமஸ்டரில் அவற்றை வரைந்து வரைந்து கை ஓய்ந்தது. எல்லாப் பெட்டியிலும் உதாரணம் 'மாணவர்', 'பாடம்', 'விரிவுரையாளர்'. எந்த மாணவரும் பெயரில்லாமல் இருந்ததில்லை.

வேலைக்கு வந்த பிறகு அதே பெட்டிகளை ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கில் எழுதுகிறோம். ஒரு பெட்டிக்கு ஒரு வகுப்பு, ஒரு கட்டத்துக்கு ஒரு வரி. அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம் என்றால் 'பிளாங்க் = ட்ரூ' என்று அந்த வரியில் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால், காலியாக இருக்கக் கூடாது என்று ஃபிரேம்வொர்க் எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கொடுத்த மலாய்ப் பாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரே மாலையில் முப்பது கட்டங்களை எழுதியிருக்கிறேன். தந்தை பெயர், அதிகபட்சம் 150 எழுத்து. அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் பெயர்கள் நீளமாக இருக்குமே, 100 போதாதே என்று யோசித்து 150 வைத்தது நினைவிருக்கிறது. நீளமான பெயருக்காகக் கவலைப்பட்டேன். பெயரே இல்லாமல் ஒருவர் வந்து நிற்பார் என்பது என் நினைப்பில் வரவே இல்லை.

ஆக, அந்த அம்மா ஆறேழு பேர் முன்னிலையில் குரலைத் தாழ்த்த வேண்டி வந்தது, நான் எழுதிய எதனாலும் அல்ல. நான் எழுதாத ஒரு சொல்லால். எழுதாத சொல்லுக்கு ஒருவன் பொறுப்பாக முடியுமா?

முடியாது என்று சொல்ல எனக்கு மூன்று சாக்குகள் கிடைத்தன. மூன்றையும் சில நாள் வைத்துப் பார்த்தேன்.

முதல் சாக்கு: முடிவு ஃபிரேம்வொர்க்குடையது. கதவை நான் பூட்டவில்லை, பூட்டியபடிதான் வந்தது. ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டவன் நான். பூட்டு செய்த கம்பெனியைக் கைகாட்டி வாடகைக்கு வந்தவரை வாசலில் நிறுத்த முடியாது. ஜாங்கோவை எழுதியவர்களுக்குக் கிள்ளானில் யார் வேலைக்கு வருவார்கள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு இருந்தது.

இரண்டாவது: அந்தக் கேள்வி பழைய காகிதப் பாரத்திலேயே இருந்தது, நான் நகல்தான் எடுத்தேன். இது பாதி உண்மை. கேள்வி காகிதத்தில் இருந்தது. மறுப்பு அதில் இல்லை. காகிதத்தில் ஒரு கட்டத்தை வெறுமனே விட்டால் காகிதம் ஒன்றும் சொல்லாது. அதை வாங்கிக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்பது மேசைக்குப் பின்னால் இருக்கும் மனுஷியின் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தை அக்காவிடமிருந்து எடுத்து, நாற்பது நிமிடத் தூரத்தில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் கொடுத்தது மென்பொருள். நான் அதை வாங்கியது எனக்கே தெரியாது.

மூன்றாவது சாக்குதான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருந்தது: எனக்குத் தெரியாதே. தெரியாமல் செய்ததற்குப் பழி உண்டா? ஆனால் தெரியாமையிலும் வகை இருக்கிறது. கடல் அடியில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருப்பது ஒன்று. ஒரு பஸ் டிக்கெட் வாங்கினால் தெரிந்துவிடக்கூடியது தெரியாமல் இருப்பது இன்னொன்று. அதைவிட, இந்தக் காயம் எனக்குப் புதிதல்ல. வெளிநாட்டு இணையத்தளங்கள் என்னிடம் குடும்பப் பெயர் கேட்கும். ஏ/எல் என்பதில் உள்ள சாய்கோட்டை ஏற்காது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போடுவேன். பிறகு வரும் மின்னஞ்சலெல்லாம் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடும். என்னைப் போன்ற ஒருவன் இருப்பான் என்று யோசிக்காத யாரோ வைத்த கட்டத்துக்குள் வருடக்கணக்காக என்னைத் திணித்துக்கொண்டவன் நான். எனக்குச் செய்யப்பட்டதைச் சரியாக அப்படியே இன்னொருவருக்குச் செய்தேன்.

இதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். அந்த வார்த்தை பெரியது. நானே என்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டு அழுவதிலும் ஒரு சுகம் உண்டு. ஆனால் யாராவது 'ஏன் இந்தக் கட்டம் என்னை விடமாட்டேங்குது' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் இருக்க வேண்டும். அந்த ஆள் நான். பொறுப்பு என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

அந்த வாரம் தரவுத்தளத்தைத் திறந்து தந்தை பெயர் கட்டத்தை மட்டும் படித்தேன். பெயராக இல்லாதவை இருபதுக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் புள்ளி. சில கோடுகள். 'தியாடா' என்று சில, அதாவது இல்லை. 'மெனிங்கால்' என்று ஒன்று. அப்பா இறந்துவிட்டார் என்கிறார், பெயரைத்தான் கேட்கிறோம் என்பது அவருக்குப் புரியவில்லை. இரண்டில் பெண் பெயர்கள் இருந்தன, அம்மாவின் பெயராக இருக்கலாம். தெரியாது, இல்லை, சொல்ல விருப்பமில்லை, வளர்த்தது அம்மா, கேட்பவருக்குக் கேட்க மனமில்லை. இத்தனை வாழ்க்கைக்கும் என் மாதிரியில் இருந்தது ஒரே இடம்.

இது எனக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. அட்டவணைகளும் உறவுகளுமாகத் தரவை வைக்கும் முறையை 1970இல் முன்வைத்த எட்கர் காட் இதோடு கடைசிவரை மல்லுக்கட்டினார். இல்லாத மதிப்புக்கு ஒரே அடையாளம் போதாது என்று 1990இல் வந்த தன் புத்தகத்தில் இரண்டு அடையாளங்கள் கேட்டார். ஒன்று, 'இருக்க வேண்டியது, ஆனால் நமக்குத் தெரியவில்லை.' மற்றது, 'இவருக்கு இது பொருந்தவே பொருந்தாது.' நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் தரவுத்தளங்களில் அது வரவில்லை. 'நல்' என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும். ஜாங்கோ இன்னும் ஒருபடி போய், எழுத்துக் கட்டங்களுக்கு அந்த 'நல்'கூட வேண்டாம், வெற்றுச் சரமே போதும் என்று அறிவுரை சொல்கிறது. 'எதுவும் இல்லை' என்பதைச் சொல்ல இரண்டு வழி இருந்தால் குழப்பம் வரும் என்பது காரணம். பொறியாளனாக அது எனக்குப் புரிகிறது. ஆனால் இல்லாமையில் இரண்டு வகை இருக்கத்தான் செய்கிறது. குழப்பம் நிரலில் தொடங்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதையும் சொன்னால்தான் இது முழுமையாகும்.

மனது கனத்துப்போய் ஒரே இரவில் பதினொரு கட்டங்களுக்கு 'பிளாங்க் = ட்ரூ' சேர்த்தேன். யாரையும் எதையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வேகம். அந்தப் பதினொன்றில் ஒன்று, அவசரத் தொடர்பு. இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டடத்தில் வேலையில் இருந்த ஒரு பணியாளர் மயங்கி விழுந்தார். சூப்பர்வைசர் கைப்பேசியில் அவர் பதிவைத் திறந்தார். அவசரத் தொடர்பு: காலி. யாரும் இல்லாதவரா, யாரும் கேட்கவில்லையா? திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவருடைய மகள் அதே கிள்ளானில்தான் வேலை செய்கிறார். அம்மா மருத்துவமனையில் இருப்பது அவருக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அந்த அம்மா தேறிவிட்டார். மகள் அலுவலகத்துக்கு வந்து அக்காவிடம், "ஒரு நம்பர்கூடவா கேட்டு வைக்க மாட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியும் எனக்கானதுதான்.

கட்டாயம் என்பது கொடுமை, விட்டுவிடுவது கருணை என்று நான் எளிதாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. விடாமல் கேட்பதும் சில நேரம் அக்கறைதான். ஒரு கேள்வி யாருக்காகக் கேட்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அவசரத் தொடர்பு அந்தப் பணியாளருக்காக. தந்தை பெயர் யாருக்காக? எங்கள் ஆட்களுக்கு ஏ/எல், ஏ/பி என்றும் மலாய்க்காரர்களுக்கு பின், பிந்தி என்றும் தந்தை பெயர் முழுப்பெயரிலேயே ஏற்கெனவே இருக்கிறது. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைக்காதே என்பது தரவுத்தளப் பாடத்தின் அரிச்சுவடி. அப்படியானால் அப்பா பெயர் உள்ள இவர்களுக்கு அந்தக் கட்டம் வெறும் நகல். பெயரோடு அப்பா ஒட்டாதவர்களை மட்டும்தான் அது உண்மையாகவே கேள்வி கேட்கிறது. 2010ஆம் ஆண்டின் நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், திரட்டும் தரவு நோக்கத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், அதற்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்கிறது.

பிறகு இரண்டையும் மாற்றி எழுதினேன். அவசரத் தொடர்பைக் கட்டாயமாகக் கேட்கும், ஆனால் 'யாரும் இல்லை', 'பிறகு சொல்கிறேன்' என்பவையும் பதில்தான். 'பிறகு' என்று சொன்னவர்களின் பட்டியல் மாதம் ஒருமுறை அக்காவுக்குப் போகும். தந்தை பெயர் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று வாடிக்கையாளரிடம் பேசினேன். எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டபோது கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும், "இருக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்," என்றார்கள். காலியாக விடலாம் என்ற அளவுக்குத்தான் என்னால் கொண்டுவர முடிந்தது. கேள்வி இன்னும் திரையில் இருக்கிறது.

கட்டங்களை விட்டு உறவுகளுக்கு வந்தால் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும்போது ஒன்றைத் 'தாய்' என்றும் மற்றதைப் 'பிள்ளை' என்றும் சொல்வோம். பணியாளர் தாய், சம்பளச் சீட்டுகள் பிள்ளைகள். தாய்ப் பதிவை அழித்தால் பிள்ளைகளை என்ன செய்வது? கூடவே அழிக்கலாம். பிள்ளை இருக்கும்வரை தாயை அழிக்க விடாமல் தடுக்கலாம். உறவை மட்டும் துண்டித்துப் பிள்ளையைத் தனியே விடலாம். ஜாங்கோவின் பழைய பதிப்புகளில் இதைச் சொல்லாமலே விடலாம். சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் கூடவே அழித்துவிடும். வேலையை விட்டுப்போன ஒருவரின் பெயரை ஒரு நாள் ஒருவர் அழித்தால், அவர் உழைத்த மாதங்களின் கணக்கும் சத்தமில்லாமல் போய்விடும். நம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பணியாளர் பதிவேட்டின் விவரங்களை 6 வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது. மென்பொருளுக்கு அது தெரியாது.

2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 இதை மாற்றியது. இப்போது உறவை எழுதும்போது, அழித்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நிரல் ஓடாது. கூடவே அழிக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அதை உன் கையால் எழுது என்கிறது. எந்தப் பதில் சரி என்று அது சொல்லவில்லை. பதில் சொல்லாமல் நழுவும் வழியை மட்டும் அடைத்தது. ஒரு ஃபிரேம்வொர்க்கிடம் நான் எதிர்பார்க்கக்கூடிய அறம் இதற்கு மேல் இல்லை என்று தோன்றுகிறது. மிச்சம் மனிதர்களுடைய வேலை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கணினி பற்றிய பகுதியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நம்ம கிராணி கதைதான," என்றார்.

தோட்டத்தில் செக்ரோலில் பெயர் எழுதுவது கிராணி. அவர் காதில் விழுந்ததுதான் பெயர், அவர் எழுதியதுதான் கணக்கு. கிராணிமார்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் சொல்லவில்லை. "ஒன் அத்த பேர ஒருதடவ தப்பா எழுதிட்டாரு. தாத்தா என்னா செஞ்சாரு தெரியுமா? கிராணி வீட்டு வாசல்ல போய் நின்னுட்டாரு. ராத்திரி வரைக்கும். மறுநாள் மாத்தி எழுதுனாரு." கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒன் சிஸ்டத்துக்கு வாசல் எங்கடா இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. மென்பொருளின் கீழ்ப்பகுதியில் உதவிக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அதை வாசல் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கிள்ளானில் அந்த மேசையில் புள்ளி வைக்கத் தெரிந்த ஓர் அக்கா இருந்தார். அவர்தான் வாசல். அவரைத்தான் நான் ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிடத்தில் அடைக்கப் பார்த்தேன்.

இப்போது என் வேலையில் ஒரு சின்னப் பழக்கம் வந்திருக்கிறது. ஒரு கட்டம் கட்டாயம் என்று முடிவு செய்தால் 'பிளாங்க் = ஃபால்ஸ்' என்று எழுதிவிடுகிறேன். ஃபிரேம்வொர்க்குக்கு அது தேவையே இல்லை, எழுதாவிட்டாலும் அதே பொருள்தான். மேலே ஒரு வரியில், எதற்காகக் கட்டாயம் என்றும் குறித்து வைக்கிறேன். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் கட்டாயத்தை எடுத்துவிடுகிறேன். போன மாதம் என் நிரலைச் சரிபார்த்த புதுப் பையன் அந்தச் சொல்லைச் சுட்டி, 'இது தேவையில்லாதது, நீக்கிவிடலாமா அண்ணா?' என்று கேட்டிருந்தான்.

வேண்டாம், இருக்கட்டும் என்று பதில் போட்டேன். அடுத்த தடவை கிள்ளானுக்குப் போகும்போது கூட வரச் சொல்லியிருக்கிறேன்.